பென்னிங்காவின் அட்டவணை

செப்டம்பரில் ஃபின்லாந்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் சிர்பா லெஹ்தோவாரா, துர்க்கு நகரத்தில் சிறுநீரக நோய்க்கு மருந்து தேடுகிற வேதியியலாளர். மரியாதையான கடிதம்தான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

"உங்கள் தளத்தில், பென்னிங்கா குழுவின் பதினேழாம் சேர்மம் இந்தப் புரதத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி ஏழு மாதம் உழைத்து அந்தச் சேர்மத்தைத் தயாரித்தோம். பிடிக்கவில்லை. மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் பிடிக்கவில்லை. தயவுசெய்து பார்க்கவும்."

என் பெயர் ஃபென்னா டைகெமா. குரோனிங்கனில் கால்வாய் ஓரத்துக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் 'ஹெக்ட்' என்ற தரவுத்தளம் இயங்குகிறது. அதில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆய்விதழ்களைப் படித்து, எந்தப் புரதத்தில் எந்தச் சேர்மம் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று எடுத்துப் பதிவதுதான் வேலை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் நன்றி சொல்லி எழுதுவதில்லை. தப்பு இருந்தால் மட்டும் எழுதுவார்கள்.

நாங்கள் பதிகிற எண் சுலபமானது. புரதத்தில் பாதியைப் பிடிக்க எவ்வளவு மருந்து வேண்டும்? அந்த அளவுதான் எண். எண் சின்னதாக இருந்தால் பிடி இறுக்கமானது. நானோமோலார் என்றால் நல்ல மருந்து வேட்பாளர், ஆய்வாளர்கள் கண் பளபளக்கும். மைக்ரோமோலார் என்றால் அதைவிட ஆயிரம் மடங்கு தளர்ந்த பிடி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

பென்னிங்கா குழுவின் கட்டுரை 2006இல் வந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் அட்டவணையில் இருபத்து நான்கு வரிசை. தலைப்பில் நானோமோலார் என்று அச்சிட்டிருந்தது. பதினேழாம் வரிசையில் பன்னிரண்டு. நாங்களும் பன்னிரண்டு நானோமோலார் என்றுதான் போட்டிருந்தோம். ஆனால் கட்டுரைக்குள் பதினேழாம் சேர்மத்தைப் பற்றி எழுதும்போது 'மிதமான பிடிப்பு' என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு நானோமோலாரை யாராவது மிதம் என்பார்களா? கொண்டாடியிருக்க மாட்டார்களா?

கட்டுரையில் இருந்த முகவரிக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. ரூலொஃப் பென்னிங்கா ஆராய்ச்சியை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. தேடியதில், பக்கத்து ஊரான அஸ்ஸனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் என்று தெரிந்தது. பள்ளி முகவரிக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

"மறுபடியுமா?"

அடுத்த நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், நான் இதுக்கு 2007லேயே திருத்தம் போட்டாச்சு. அச்சுல வந்திருக்கு. அச்சுக் கோத்தவன் பண்ணின தப்பு அது. தலைப்புல மைக்ரோன்னு வரணும், நானோன்னு போட்டுட்டான். வருஷத்துக்கு மூணு பேராவது எனக்கு எழுதறாங்க. 'உங்க சேர்மம் வேலை செய்யலையே'ன்னு. ஒருத்தன் நான் வேணும்னே பொய் எண் எழுதினேன்னு எழுதினான். ஒரு மாநாட்டுல என் முகத்துக்கு நேராவே கேட்டான் இன்னொருத்தன்."

"திருத்தம் எங்கே இருக்கு, சொல்றீங்களா? இணையத்துல தேடினேன், கிடைக்கலை."

"எப்படிக் கிடைக்கும்? அந்த இதழை ரெண்டு தடவை வித்துட்டாங்க. புதுசா வாங்கினவன் கட்டுரையை எல்லாம் எடுத்துட்டுப் போனான், திருத்தத்தை அங்கேயே விட்டுட்டான். நான் அவனுக்கும் எழுதினேன். பதில் வரும்னு காத்திருந்து எனக்கு முடி கொட்டிப்போச்சு."

எங்களிடம் ஒரு விதி உண்டு. அச்சில் வந்த ஆதாரம் இல்லாமல் எண்ணை மாற்றக் கூடாது. ஆசிரியரே தொலைபேசியில் அழுதாலும் கூடாது. அதனால் நூலகத்தின் பழைய இதழ்க் கிடங்கிலிருந்து அந்தத் தொகுதியைக் கேட்டு வாங்கினேன். வருவதற்கு நான்கு நாள் ஆனது. கடைசிப் பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே, அந்தத் திருத்தம் இருந்தது. ஒரே வாக்கியம். 'இரண்டாம் அட்டவணையில் நானோமோலார் என்று உள்ளதை மைக்ரோமோலார் என்று வாசிக்கவும்.'

வாசித்தேன். இருபத்து நான்கு வரிசையையும் மாற்றினேன். சிர்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பென்னிங்காவுக்கும் எழுதினேன். அவர், "பதினேழு வருஷம் கழிச்சாவது நடந்ததே, நன்றி" என்று பதில் போட்டார். அன்றைக்கு மத்தியானம் என் சீஸ் ரொட்டி வழக்கத்தைவிட ருசியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"மேடம், மாத்திட்டேன்னு சொன்னீங்களே?"

"மாத்திட்டேனே."

"கொஞ்சம் திறந்து பாருங்க."

பார்த்தேன். பன்னிரண்டு நானோமோலார்.

ஒரு நிமிடம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. மாற்றியதாகக் கனவு கண்டேனா? வரலாற்றுப் பதிவைத் திறந்தேன். அக்டோபர் நான்காம் தேதி நான் மாற்றியிருந்தேன். அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, 'ஒப்பீட்டு இயந்திரம்' திரும்ப மாற்றியிருந்தது.

எழுந்து கெர்பென் அறைக்குப் போனேன். கெர்பென் எங்கள் நிரலாளர். ஆறடி மூன்றங்குலம், எப்போதும் வாயில் உப்பு அதிமதுர மிட்டாய்.

"கெர்பென், உன் இயந்திரம் என் திருத்தத்தைத் தின்னுடுச்சு."

"என் இயந்திரம் எதையும் தின்னாது. கணக்குப் பார்க்கும்." திரையைத் திருப்பிக் காட்டினான். "பாரு. ஒவ்வொரு ஞாயிறும் ஜெர்மன்காரங்க தளத்தோடயும் அமெரிக்காக்காரங்க தளத்தோடயும் நம்ம எண்களை ஒப்பிடுது. மூணுல ரெண்டு ஒண்ணாச் சொன்னா, மூணாவதைத் தப்புன்னு எடுத்துக்கிட்டு மாத்திடும். அவங்க ரெண்டு பேரும் நானோங்கறாங்க. நீ ஒருத்தி மட்டும் மைக்ரோங்கறே. ரெண்டுக்கு ஒண்ணு. நீ தோத்துட்டே."

"அவங்களுக்கு அந்த எண் எங்கேயிருந்து வந்துச்சு?"

அவன் இரண்டு மூன்று தட்டுத் தட்டினான். பிறகு மிட்டாயைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளினான். அவனுக்குச் சங்கடமாக இருந்தால் அப்படித்தான் செய்வான்.

"ரெண்டு பேரும் மூலம்னு ஹெக்ட்டைத்தான் போட்டிருக்காங்க. 2009. பதிஞ்சவர் எஃப்.டி."

எஃப்.டி. நான்தான். பதினைந்து வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடாமல் அட்டவணையில் இருந்ததை அப்படியே ஏற்றியிருக்கிறேன். அதை அவர்கள் இருவரும் நகல் எடுத்திருக்கிறார்கள். இப்போது என் பழைய தப்பே இரண்டு ஓட்டுப் போட்டு என்னைத் தோற்கடித்திருக்கிறது.

"இது என்ன நியாயம்?" என்றேன்.

"நியாயமான்னு அதுக்குத் தெரியாது. எண்ணத்தான் தெரியும்."

ஜெர்மன் தளத்துக்கு எழுதினேன். மறுநாளே ஒழுங்கான பதில் வந்தது: 'இந்தப் பதிவை ஹெக்ட்டிலிருந்து எடுத்தோம். ஹெக்ட் திருத்தினால் நாங்களும் திருத்துவோம். ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி முதல் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, உங்கள் தரவை இறக்கிக்கொள்வோம்.' திங்கள் காலை ஐந்து மணி. அதாவது, ஞாயிறன்று எங்கள் இயந்திரம் என் திருத்தத்தை அழித்த பிறகு, நான் அலுவலகத்துக்கு வந்து மறுபடி போடுவதற்கு முன்பு.

அமெரிக்கத் தளம் முதலில் ஒரு புகார் எண்ணை மட்டும் அனுப்பியது. இரண்டு வாரம் கழித்து யாரோ எழுதினார்கள்: 'பார்த்தோம். ஜெர்மன் தளமும் ஹெக்ட்டும் இதே எண்ணைத்தான் காட்டுகின்றன. எனவே மாற்றத் தேவையில்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி.'

இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். நவம்பர் காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்து மேசைக்காரர் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்ததும் சைக்கிளைப் பூட்டி, மேலே ஏறி, கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே இருபத்து நான்கு வரிசையையும் மைக்ரோவாக்குவேன். ஞாயிறன்று இயந்திரம் நானோவாக்கும். திங்கள் நான். ஞாயிறு அது. ஏழு வாரம் இப்படி நடந்தது. வீட்டில் என் கணவர், "நீ அந்த இயந்திரத்தோட குடும்பம் நடத்துறே" என்றார். சிரிக்கத் தோன்றவில்லை.

கெர்பென் வழி சொன்னான். "விதிவிலக்குப் பட்டியல்னு ஒண்ணு வெச்சு, இந்தக் கட்டுரையைத் தொடாதேன்னு சொல்லிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா ரென்ஸ்கா ஒத்துக்கணும்."

ரென்ஸ்கா எங்கள் தலைவி. நானும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தோம். அவள் கூட்டங்களுக்குப் போகக் கற்றுக்கொண்டாள், நான் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் அவள் தலைவி. நல்லவள்தான். ஆனால் அந்த டிசம்பரில் அவள் தலையில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வசந்த காலத்தில் எங்களை மதிப்பிட ஒரு குழு வருகிறது. அவர்கள் நல்ல மார்க் போட்டால் இன்னும் ஐந்து வருடம் கடை திறந்திருக்கும்.

"விதிவிலக்கெல்லாம் வேண்டாம், ஃபென்னா," என்றாள். "முன்னாடி ஒருத்தர் தனக்குப் பிடிச்ச எண்ணை எல்லாம் பூட்டி வெச்சுட்டுப் போனது ஞாபகம் இருக்கா? அதைச் சுத்தம் பண்ண ஒரு வருஷம் ஆச்சு. அதுக்குத்தானே இந்த இயந்திரமே வந்துச்சு."

"அவர் இஷ்டத்துக்குப் பூட்டினார். என்கிட்ட அச்சு ஆதாரம் இருக்கு."

"எல்லாருக்கும் ஏதாவது ஆதாரம் இருக்கும். மூணு தளத்துக்கும் தொண்ணூத்தொம்பது புள்ளி ரெண்டு சதவீதம் ஒத்துப்போகுதுன்னு அறிக்கையில எழுதியிருக்கேன். அதைப் பார்த்துத்தான் போன தடவை அவங்க அசந்து போனாங்க. இப்போ போய் ஒத்துப்போகாததுக்கு ஒரு பட்டியல் தொடங்கச் சொல்றியா?"

"ஒரு கட்டுரை, ரென்ஸ்கா. ஒரே ஒரு கட்டுரை."

"இன்னைக்கு ஒண்ணு."

இதை நான் பென்னிங்காவுக்கு எப்படி எழுதுவது? மழுப்பி எழுதினேன். 'உள்விவகாரச் சிக்கல்' என்று ஏதோ. அவர் பதில் எழுதவில்லை. அடுத்த புதன்கிழமை மத்தியானம் நேரில் வந்து நின்றார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ரயில் நிலையத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்து, எதிர்க்காற்றில் மழையோடு மிதித்து வந்திருந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்தத் திருத்தத்தின் அச்சுப் பக்கம், மழை படாமல், மடிப்பில்லாமல்.

"காபி?" என்றேன்.

"வேண்டாம். எங்கே அந்த எண்ணு? யாரு அதை மாத்தணும்? அவங்களைக் கூப்பிடுங்க. எனக்கு நாலரைக்கு ரயில்."

கெர்பெனைக் கூப்பிட்டேன். குரல் உயர்ந்ததைக் கேட்டு ரென்ஸ்காவும் வந்துவிட்டாள். நான்கு பேர் என் மேசையைச் சுற்றி நின்றோம். பென்னிங்கா உறையை ரென்ஸ்காவிடம் நீட்டினார். அவள் வாசித்துவிட்டு, ஒப்பீட்டு இயந்திரத்தைப் பற்றியும் மூன்றில் இரண்டு பற்றியும் பொறுமையாக விளக்கினாள். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்:

"நான் பதினஞ்சு வயசுப் பசங்களுக்குப் பாடம் நடத்தறேன். பரீட்சையில ரெண்டு பேர் ஒரே தப்பு விடை எழுதியிருந்தா, அது சரியான விடைன்னு நான் மார்க் போடறதில்லை. ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் எழுதியிருக்கான்னு முடிவு பண்ணுவேன்."

கெர்பென் மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினான்.

"நான் ஆராய்ச்சியை விட்டதுக்கு இது காரணமில்லை," என்று அவரே தொடர்ந்தார். "அப்படி நெனச்சுப் பரிதாபப்பட வேண்டாம். எனக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கு. ஆனா இப்படி ஒரு கடிதம் வர்ற ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு ஒரு நாள் நான் திருடனா இருக்க வேண்டியிருக்கு. விளக்கம் எழுதணும், மன்னிப்புக் கேட்கணும். தப்பு பண்ணினது அச்சுக்காரன். அதை எடுத்து உலகம் பூரா பரப்பினது யாரோ எஃப்.டி.ன்னு ரெண்டு எழுத்து."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ரென்ஸ்கா என்னைப் பார்த்தாள், சொல்லாதே என்பதுபோல. ஆனால் ஏழு திங்கட்கிழமை எனக்குள் ஏறிப்போயிருந்தது.

"அது நான்தான்," என்றேன். "ஃபென்னா டைகெமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? அந்த ரெண்டு எழுத்தை எத்தனை வருஷமாத் திட்டிக்கிட்டிருக்கேன் தெரியுமா? ஆம்பளைன்னு நெனச்சேன். வழுக்கைத் தலை, ஃப்ரெடெரிக்னு பேரு, எல்லாம் வெச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் காபி இருக்கா?"

ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பிஸ்கட் வைத்தேன். வாங்கிக்கொண்டார்.

இதற்குள் கெர்பென் என் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். "பார்த்து எழுதினதை ஓட்டாச் சேர்க்காம விடலாமே," என்றான், யாரிடம் என்றில்லாமல். "மூலம்னு ஹெக்ட்டைப் போட்டிருந்தா அது நகல். நகலுக்கு ஓட்டில்லை. அப்போ விதிவிலக்கே வேண்டாம்."

"செய்யலாமா?" என்றாள் ரென்ஸ்கா.

"செய்யலாம். அப்படி எத்தனை இருக்குன்னு மட்டும் எண்ணிப் பார்த்துக்கறேன்."

இயந்திரம் எண்ணியது. காபி ஆறுவதற்குள் திரையில் விடை வந்தது. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

"என்ன நாற்பத்தோராயிரம்?" என்றாள் ரென்ஸ்கா.

"நம்ம பதிவுல, 'மூணு தளமும் ஒத்துக்கிட்டது'ன்னு பச்சைக் குறி போட்டிருக்கோமே, அதுல நாற்பத்தோராயிரத்துக்கு மத்த ரெண்டு பேரும் நம்மகிட்டேயிருந்துதான் எடுத்திருக்காங்க. வேற யாரும் பார்க்கலை. நாம சொன்னதை நாமளே ஆமாம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்."

ரென்ஸ்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் என் மதியச் சாப்பாட்டுப் பை. உள்ளே இருந்த வாழைப்பழம் நசுங்கியது எல்லோருக்கும் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"தொண்ணூத்தொம்பது புள்ளி ரெண்டு," என்றாள் மெல்ல.

"நான் போகலாமா?" என்று கேட்டார் பென்னிங்கா. "ரயில் இருக்கு."

அவளுக்கு அன்று இருந்த நிலையில் எங்கள் எல்லோரையும் விரட்டியிருக்கலாம். அறிக்கையை அப்படியே அனுப்பிவிட்டு, வசந்தம் தாண்டட்டும் என்று விட்டிருக்கலாம். பத்து நிமிடம் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து கெர்பெனிடம், "அவரோட கட்டுரையை இயந்திரம் தொடாதபடி இன்னைக்கே நிறுத்தி வை. நகல் விஷயத்தை ஜனவரிக்குள்ள முடி" என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "அறிக்கையில அந்தச் சதவீதத்தை எடுத்துடறேன். என்ன கேட்பாங்களோ தெரியலை. நீயும் கூட்டத்துக்கு வர்றே. தப்பிக்கலாம்னு பார்க்காதே."

ஜனவரி முதல் திங்கள் காலை ஐந்து மணிக்கு ஜெர்மன்காரர்கள் தரவை இறக்கினார்கள். அவர்களிடம் எண்கள் மைக்ரோவாக மாறின. இரண்டு தளம் ஒத்துப்போனதைப் பார்த்ததும் அமெரிக்கர்களும் மாற்றினார்கள். என் புகார் எண்ணை 'தீர்க்கப்பட்டது' என்று மூடி, தங்கள் சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் வரை போடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பென்னிங்காவுக்கு எழுதினேன். 'மூன்று இடத்திலும் சரியாகிவிட்டது.' அவர் தன் வகுப்பில் அதைச் சொன்னதாகவும், பிள்ளைகள் கை தட்டியதாகவும், எதற்கென்று அவர்களுக்குப் புரிந்ததா என்று சந்தேகமாக இருப்பதாகவும் எழுதினார்.

பிப்ரவரியில் மறுபடி சிர்பா லெஹ்தோவாராவிடமிருந்து கடிதம்.

"பதினேழாம் சேர்மத்தைத் திருத்தியதற்கு நன்றி. ஆனால் அதே அட்டவணையின் கடைசி வரிசையைப் பார்த்தீர்களா? அது ஒப்பீட்டுக்காக வைத்த மருந்து. முப்பது வருடமாகக் கடையில் விற்கும் மாத்திரை. அதன் பிடிப்பு எட்டு நானோமோலார் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது மூன்று தளங்களிலும் எட்டு மைக்ரோமோலார் என்று இருக்கிறது. அது உண்மையானால் என் அப்பா தினமும் சாப்பிடுவது சுண்ணாம்புக் கட்டிக்குச் சமம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார்."

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பிறகு அந்த ஒற்றை வாக்கியத் திருத்தத்தை எடுத்தேன். 'நானோமோலார் என்று உள்ளதை மைக்ரோமோலார் என்று வாசிக்கவும்.' கடைசி வரிசை தவிர என்று எங்கேயும் இல்லை. ஒப்பீட்டு மருந்து மட்டும் உண்மையிலேயே நானோ. அந்த ஒரு வரிசை முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. அதை நான் திருத்தித் தப்பாக்கி, மூன்று தளத்திலும் தப்பாக்க அரும்பாடு பட்டிருக்கிறேன்.

பென்னிங்காவை அழைத்தேன். இடைவேளை நேரம். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"உங்க திருத்தம் தப்பு," என்றேன்.

"என்னது?"

"கடைசி வரிசை. ஒப்பீட்டு மருந்து. அது நானோதானே?"

ஒரு கதவு மூடுகிற சத்தம், கூச்சல் அடங்கியது.

"ஆமாம்," என்றார். "நானோதான்."

"திருத்தம் எழுதினது அச்சுக்காரரா?"

"நான்தான். கோவத்துல எழுதினேன். ஒரே வரியில முடிச்சேன்." பெருமூச்சு விட்டார். "மேடம், சிரிக்கிறீங்களா?"

"இல்லை."

"சிரிக்கிறீங்க."

சிரித்தேன்தான். ஆனால் சந்தோஷத்தில் அல்ல. அழுதால் நன்றாக இருக்காது என்பதால். அவரும் சிரித்தார். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் அடுத்த விஷயம் தோன்றியது. திருத்தத்துக்கு ஒரு திருத்தம் அச்சில் வர வேண்டும். அந்த இதழ் நின்று ஐந்து வருடம் ஆகிறது. கையெழுத்துப் போட ஒரு பதிப்பாசிரியர்கூட மிச்சமில்லை.

ரென்ஸ்காவிடம் போனேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கையை உயர்த்தினாள்.

"கட்டுரையில வேற எங்கேயாவது எட்டு நானோன்னு இருக்கா?"

"ஆறாம் பக்கத்துல, அடிக்குறிப்புல இருக்கு. பொடி எழுத்து. நான் பார்க்காம விட்டுட்டேன்."

"அதுவே அச்சுதானே? மாத்து. எதைப் பார்த்து மாத்தினே, யார்கிட்ட பேசினே, எல்லாத்தையும் கீழே நாலு வரி எழுதிவை. கெர்பென்கிட்ட சொல்லி அப்படி எழுத ஒரு கட்டம் போடச் சொல்லு. இத்தனை வருஷமா ஏன் அது இல்லைன்னு எனக்கே தெரியலை."

மாற்றினேன். எங்களிடம் சரியாகிவிட்டது. இப்போது நகலுக்கு ஓட்டில்லை, அதனால் ஞாயிறு தாண்டியும் நின்றது. மற்ற இரண்டு இடங்களில் அந்த மாத்திரை அடுத்த ஜனவரி வரை சுண்ணாம்புக் கட்டியாகத்தான் இருக்கும். ஜெர்மன்காரர்களிடம் இந்த ஒரு வரிசையை மட்டும் முன்கூட்டியே மாற்ற முடியுமா என்று கேட்டேன். விதிவிலக்குகள் தங்கள் வழக்கம் இல்லை என்று மிக மரியாதையாக எழுதினார்கள்.

மதிப்பீட்டுக் குழு ஏப்ரலில் வந்தது. மூன்று பேர். ரென்ஸ்கா நாற்பத்தோராயிரத்தையும் மறைக்காமல் சொன்னாள். ஒருவர் முகம் சுளித்தார், ஒருவர் குறிப்பெடுத்தார், மூன்றாமவர், மற்ற தளங்களில் இது எத்தனை இருக்கும் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வருடம் கேட்டோம். மூன்று வருடம் கொடுத்தார்கள். அந்த நாற்பத்தோராயிரத்தையும் மூலக் கட்டுரையோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒத்துப் பார்ப்பது நான். உதவிக்கு வர முடியுமா என்று பென்னிங்காவைக் கேட்டேன், பள்ளி விடுமுறையில், வாரம் ஒரு நாள். "முடியாது," என்று உடனே சொன்னார். "என்கிட்ட எழுபது விடைத்தாள் கிடக்கு. அதுல இருக்கிற தப்பாவது நான் திருத்தினா திருந்தும்."

நாளைக்கு அறுபது பார்க்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. சரியாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல், பார்த்ததே வீண் என்று தோன்றும். நேற்றைய அறுபதில் ஐம்பத்தொன்பது சரி. மிச்சம் ஒன்றில், அட்டவணை ஒன்று சொல்கிறது, படம் வேறு சொல்கிறது. கட்டுரை 1998. எழுதியவர்கள் ஆறு பேர். அதில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், அந்த ஆய்வகத்தை மூடிவிட்டார்கள், ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார். மற்ற இருவருக்கும் எழுதியிருக்கிறேன். ஒருவரிடமிருந்து இன்று காலை பதில் வந்தது. அவர் அந்த ஆள் இல்லையாம், பெயர் மட்டும்தான் அதே பெயராம்.